நின்ற கூலிக்கு என்ன கணக்கு? ஏலகிரி முதல் ஆம்பூர் வரை வெள்ள நிவாரணம்

ஏலகிரிக்கு வண்டி ஏற வேண்டுமென்றால் நம்பியிருப்பது ஒரே பாதையைத்தான். வாணியம்பாடி – திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியில் பிரிந்து, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநிலத்துக்கு அது போகிறது. வடகிழக்குப் பருவமழை சில நாள் விடாமல் அடித்தால் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பாதையில் வந்து விழும். நெடுஞ்சாலைத் துறையின் ஜே.சி.பி. வந்து அள்ளும்வரை மேலே இருப்பவர் மேலே, கீழே இருப்பவர் கீழே. அந்த நாள்களில் மலையில் ஒரு வீட்டின் ஓடுகூட உடையாமல் இருக்கலாம். ஆனால் கீழே வேலைக்கு இறங்குகிறவருக்கு அன்றைய கூலி இல்லை. அத்தனாவூர் விடுதிகளில் அறை பெருக்கும் பெண்ணுக்கு, பயணிகள் வராததால், வேலை இல்லை. சாலையோரம் கடை போட்டவருக்கு வியாபாரம் இல்லை. இந்த இழப்பை எழுதிக்கொள்ள வருவாய்த் துறையின் சேத மதிப்பீட்டுப் படிவத்தில் இடம் கிடையாது.

படிவத்தில் இல்லாத அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஏலகிரி அடிவாரத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை நம்பிப் பிழைக்கவில்லை. பதனிட்ட தோலும் ஷூ கம்பெனியும் தரும் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. வெள்ளம் வந்தால் இவர்களுக்கு முதலில் போவது வருமானம். நம் நிவாரண முறையோ உடைந்த பொருளை அளக்கத் தெரிந்த முறை. நின்றுபோன வருமானத்தை அளக்க அது இன்னும் பழகவில்லை.

பாலாறு வறண்ட ஆறு என்றே வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆண்டில் பெரும்பாலான நாள் அது மணல்தான். மணலும் பல இடங்களில் மிச்சமில்லை. வறண்ட ஆற்றின் வெள்ளம்தான் ஆபத்தானது. தண்ணீரையே பார்க்காத தலைமுறை கரையிலும் ஆற்றுக்குள்ளும் வீடு கட்டிக்கொள்கிறது. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானப் பகுதியில், பாலாற்றின் மேல்பகுதியில் இருந்த நீர்நிலை உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியின் புறநகர்கள் இரண்டை அப்படியே அடித்துச் சென்றது. குறைந்தது 200 பேர் மூழ்கி இறந்ததாக அன்றைய அரசுப் பதிவு சொல்கிறது. அதற்கான நினைவுத் தூண் வாணியம்பாடியில் இன்றும் நிற்கிறது. நவம்பர் மாதத்தில் ஊர்க்காரர்கள் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள்.

நூற்றுப் பதினெட்டு ஆண்டு கழித்து, 2021 நவம்பரில், பாலாறு மறுபடி கரை புரண்டது. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நவம்பர் 19 அதிகாலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் போனது. அதே காலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க முதலமைச்சர் உத்தரவிட்டார். மாதனூர் – உள்ளி தரைப்பாலம் வெள்ளத்தில் போயிற்று. குடியாத்தத்தையும் ஆம்பூர்ப் பக்கத்தையும் இணைக்கும் குறுக்குவழி அது. அந்தப் பாலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அதனிடம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

முதலில் நிவாரணப் பட்டியலைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இயங்குகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதில் ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25. எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் நெறிமுறைகள் வரையறுக்கின்றன. 2022–23 முதல் 2025–26 வரைக்குமான நெறிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம். முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000, மலைப் பகுதியில் 1,30,000. ஓரளவு சேதமான கல்வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் பயிர் அழிந்திருந்தால் மானாவாரி ஹெக்டேருக்கு 8,500, பாசன நிலத்துக்கு 17,000. மண்சரிவில் நிலமே போன சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000. துணிமணிக்குக் குடும்பத்துக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. கைவினைஞர், நெசவாளருக்குக் கருவி போனால் 5,000, மூலப்பொருள் போனால் 5,000.

இந்தத் தொகைகள் போதுமா என்பது தனி வாதம். எனக்கு முக்கியமாகப் படுவது இதிலுள்ள உலகப் பார்வை. சொந்தமாக வீடு, பட்டா நிலம், தொழுவத்தில் மாடு, முற்றத்தில் தறி: இப்படி ஒரு குடும்பத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியல் இது. அந்தக் குடும்பத்துக்கு இது நியாயமான பட்டியல்தான். பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு வாரக் கூலி வாங்கும் ஆம்பூர்க் குடும்பம் இதில் எந்த வரியில் வருகிறது? துணி, பாத்திரம் என்ற இரண்டு வரிகளில். இடிந்த வீட்டுக்கான தொகை வீட்டுக்காரரைச் சேர்ந்தது. குடியிருந்தவர் வேறு வீடு தேட வேண்டும், முன்பணம் புரட்ட வேண்டும். அதற்குப் பட்டியலில் வரி இல்லை.

இந்தப் பார்வைக்கு வயது அதிகம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம், வட ஆற்காடு மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. இப்போதைய திருப்பத்தூர், வாணியம்பாடி வட்டாரம் அன்றைக்குச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பஞ்சத்துக்குப் பின் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை தந்தது; அதிலிருந்து 1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. விளைச்சல் எவ்வளவு போயிற்று, யாருக்கு வரி தள்ளுபடி, யார் உடலுழைப்புக்கு வரத் தயாராக இருக்கிறார் என்று கணக்கெடுத்தது வருவாய்த் துறை. இன்றைக்கும் வெள்ளச் சேதத்தை எடுக்க வருகிறவர் கிராம நிர்வாக அலுவலர்தான். அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், தாசில்தார். அவர்கள் கையிலிருக்கும் பதிவேடுகள் பட்டா, சிட்டா, அடங்கல். நிலத்தை அறிந்த துறை நிலத்தின் கண்ணால்தான் பேரிடரைப் பார்க்கும். அதில் தனிமனிதர் குற்றம் ஒன்றுமில்லை. வி.ஏ.ஓ.க்கள் கொட்டும் மழையில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கணக்கெடுக்கிறார்கள். கையில் கொடுத்த படிவத்தில் இருப்பதைத்தானே அவர்கள் நிரப்ப முடியும்?

இனி ஷூ கம்பெனித் தொழிலாளியைப் பார்ப்போம். ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளில் தையல், ஒட்டுதல் பிரிவுகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதி பெண்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வந்து போகிறவர்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு. உடம்புக்கு முடியாவிட்டால் இ.எஸ்.ஐ. கூலியில் 70 விழுக்காடு தரும். ஊருக்கு வெள்ளம் வந்து வேலைக்குப் போக முடியாவிட்டால் தராது.

தொழிற்சாலையே வெள்ளத்தால் மூடினால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இயற்கைப் பேரிடரால் வேலை கொடுக்க முடியாமல் போவதும் சட்டப்படி ஆட்குறைப்பு இல்லாத தற்காலிக வேலைநிறுத்தி வைப்புதான். நம் ஊர்ப் பேச்சில் லே-ஆஃப். ஐம்பதும் அதற்கு மேலும் தொழிலாளர்கள் உள்ள ஆலையில், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை முதலாளி தர வேண்டும் என்றது 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-சி பிரிவு. ஆனால் அதற்குப் பின்னால் வந்த 25-இ பிரிவு, குறித்த நேரத்தில் நாளுக்கு ஒரு முறையாவது ஆலைக்கு வந்து முகம் காட்டாதவருக்கு அந்த இழப்பீடு கிடையாது என்றது.

இப்போது மாதனூர் – உள்ளி தரைப்பாலத்துக்கு வருவோம். பாலம் போய்விட்டது. ஆலை ஆற்றின் ஒரு கரையில், தொழிலாளி மறு கரையில். ஆலையில் தண்ணீர் புகவில்லை என்றால் அது மூடப்படவே இல்லை. வராத நாள் சம்பளமில்லா விடுப்பு. ஆலையும் மூடியிருந்தால், முகம் காட்டப் போக வழியில்லை. இரண்டு விதத்திலும் கூலி போனது போனதுதான். 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த முகம் காட்டும் நிபந்தனை அப்படியே தொடர்கிறது. பாலம் இடிந்த நாளுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்ப்பது சட்டம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய வேலையில்லை. அந்த வரியைக் கேட்கும் குரல் அந்த மேசைவரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆலைக்குள் இருப்பவருக்காவது ஊழியர் எண் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து தைக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. மொக்கசின் வகை ஷூவின் மேல்பாகத்தைக் கையால்தான் தைக்க வேண்டும். வெட்டித் துளையிட்ட அப்பர்களை ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் இறக்குகிறார். சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் முடிந்ததும் தொடங்கும் வேலை, தடித்த நூலை இழுத்து இழுத்து விரல் காய்த்துப் போகும்வரை நடக்கிறது. தைத்த ஜோடிகளை ஏஜெண்ட் எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார். பெங்களூரைச் சேர்ந்த சிவிடெப் இந்தியா என்ற அமைப்பு, பிரிட்டனின் தொழிலாளர் உரிமை அமைப்புகளோடு சேர்ந்து 2016இல் ஆம்பூர் வட்டார வீட்டுத் தையல் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு ஜோடிக்குக் கூலி பத்து ரூபாயைச் சுற்றியே இருந்ததையும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எதுவும் இல்லாததையும் அது பதிவு செய்தது. அந்த ஷூக்கள் ஐரோப்பியக் கடைகளில் விற்கும் விலையை இங்கே எழுதவே மனம் வரவில்லை.

வெள்ளம் வந்தால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது? வீடுதான் அவருடைய பட்டறை. தண்ணீர் புகுந்தால் வசிப்பிடமும் தொழிலிடமும் ஒன்றாகப் போகின்றன. நனைந்த தோல் விறைத்து, கறை பிடித்து, பூஞ்சை பூத்துவிடும். கெட்டுப்போன அப்பருக்கு யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. பிறகு ஆலையில் வேலை குறைந்தால் முதலில் நிற்பது வீட்டுக்கு வரும் மூட்டை. கைவினைஞருக்கான வரி நெறிமுறையில் இருக்கிறதே, அதில் சேர்க்கக் கூடாதா? கருவி என்று காட்ட அவரிடம் இருப்பது ஊசி. மூலப்பொருள் அவருடையதே இல்லை. அவர் இழந்தது மூன்று வாரக் கூலி. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இலேயே வந்துவிட்டது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை.

மலைக்குத் திரும்பினால் சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. ஏலகிரியிலும் அருகிலுள்ள ஜவ்வாது மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு நிலத்தோடு உறவு உண்டு. அந்த உறவு எல்லா இடத்திலும் பட்டாவாக மாறவில்லை. நெறிமுறை நில இழப்புக்குத் தொகை தருகிறது. வருவாய்ப் பதிவில் உரிமை இருந்தால் மட்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கேட்டுக் காத்திருக்கும் நிலத்தில் மண் சரிந்தால் அது பதிவில் இல்லாத நிலம். ஏலகிரியில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. சுற்றுலா வளர வளர நிலம் கைமாறி, அங்கே விடுதிகளும் பண்ணை வீடுகளும் எழுந்தன. நிலம் வைத்திருந்தவர்களின் அடுத்த தலைமுறை அதே நிலத்தில் தோட்டக் காவலும் சமையலும் செய்கிறது. நில உடைமையைப் பார்த்துக் கொடுக்கும் நிவாரணம் இவர்களைத் தேடி வராது.

வாணியம்பாடிக்கு அருகே நெக்னாமலை என்றொரு மலைக் கிராமம் இருக்கிறது. சாலை இல்லாததால் நோயாளியையும் பிணத்தையும் டோலி கட்டித் தூக்கிப் பழகிய ஊர். 2020 ஊரடங்குக் காலத்தில் ஊர்மக்களே மண்வெட்டி எடுத்துத் தங்களுக்கு வழி வெட்டிக்கொண்டார்கள். அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, தாய் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். சாலை இல்லாத மலையில் சாதாரண நாளே இப்படி என்றால், புயல் நாளில் நடப்பதைப் பேரிடர் என்று தனியாகப் பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து 7 பேர் மண்ணில் புதைந்தார்கள். அந்த நாள்களில்தான் திருப்பத்தூருக்குத் தெற்கே ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஊத்தங்கரைக்கும் ஏலகிரிக்கும் இடையில் பெரிய தூரமில்லை.

உடைமையை மட்டும் எண்ணுவதால் வரும் அநீதி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு படகும் வலையும் இழந்தவருக்கு உதவி விரைவாக வந்தது. கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண்களும், உப்பு ஏறிய வயலில் கூலி இழந்த தலித் தொழிலாளர்களும் பட்டியலில் இடம்பெறப் போராட வேண்டியிருந்தது. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிவில் 70 தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்ப உயிர்கள் போயின. தலைமுறை தலைமுறையாக லயம் என்னும் தோட்ட வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அவர்கள். லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இலங்கை மலையகத்தில் 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் புதைந்ததும் அதே லயம்தான்.

மாற்று வழி இல்லையா என்றால், பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களில் வயது வந்த இருவருக்கு நாளுக்குத் தலா 300 ரூபாய் என 30 நாளுக்குத் தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. படுக்கையில் நோயாளி இருக்கும் வீடானால் மூன்று பேருக்கு. முகாமிலிருந்து வாடகை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை. கூலி இழப்பும் வாடகையும் நிவாரணக் கணக்கில் ஏறின.

கேரளம் வானத்திலிருந்து இதைப் பறித்து வரவில்லை. ஒன்றிய நெறிமுறையிலேயே, அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட, முகாமில் தங்காத குடும்பத்தில் வயது வந்த இருவருக்கு நூறு நாள் வேலைக் கூலி விகிதத்தில் உதவி தரலாம் என்பதே அது. பயனாளிகள் யார் என்று சான்று சொல்ல வேண்டியது மாநில அரசு. தமிழ்நாட்டில் 2025–26க்கு அந்தக் கூலி நாளுக்கு 336 ரூபாய். இருவருக்கு முப்பது நாள் என்றால் இருபதாயிரம் ரூபாயைத் தொடும். இந்த வரியை நில விவசாயிக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஷூ தைக்கும் பெண்ணும் இதற்குள் வரலாம்.

தமிழ்நாடு வேறு பாதையை எடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், ஃபெஞ்சலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000 ரூபாய், டோக்கன் கொடுத்து ரேஷன் கடை வழியாகப் பட்டுவாடா. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல், எந்தச் சான்றும் கேட்காமல், வாடகைக்கு இருப்பவர் கைக்கும் பணம் சேர்ந்தது. இந்தியாவில் இவ்வளவு வேகமாகப் பணத்தை வீட்டுக்கு வீடு சேர்க்கும் வலைப்பின்னல் வேறு மாநிலங்களில் அரிது. மிக்ஜாமின்போது அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்க வழி வைத்தார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே தொகை என்னும்போது, ஒரு நாள் மின்சாரம் மட்டும் போன வீடும் ஒரு மாத வேலை போன வீடும் ஒன்றாகின்றன. எந்த மாவட்டத்துக்கு என்பது ஒவ்வொரு முறையும் அறிவிப்பில்தான் தெரிகிறது. உரிமையென்று கேட்க முடியாது. அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆக, வரியும் இருக்கிறது, பணம் கொண்டுசேர்க்கும் வழியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இல்லாதது ஒரு பதிவேடு: இவர் இன்ன வேலை செய்து பிழைக்கிறார் என்று வெள்ளத்துக்கு முன்பே எழுதி வைத்த பதிவேடு. அதுவும் முழுதாக இல்லாமல் இல்லை. 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் அமைந்த அமைப்புசாரா நல வாரியங்களில், காலணி, தோல் பொருள் தயாரிப்பு, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்றே தனி வாரியம் உண்டு. கல்வி, திருமணம், மகப்பேறு, கண்கண்ணாடி, ஓய்வூதியம், விபத்து மரண உதவி என்று அதன் பட்டியல் நீள்கிறது. வெள்ளத்தால் நின்ற கூலிக்கு அதில் உதவி இல்லை. 2020 ஊரடங்கில் வாரிய உறுப்பினர்களுக்கு 1,000 ரூபாய் போய்ச் சேர்ந்ததை நினைவில் வைத்தால், இந்த வழி வேலை செய்யும் என்பது தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவிலும் தொழில் எது என்று கேட்டே எண் தருகிறார்கள். 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாகப் போகிறது.

ஃபிஜித் தீவில் 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்தபோது அந்த அரசு புதிய கணக்கெடுப்புக்குக் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே ஏழைக் குடும்பங்களுக்கும் முதியோருக்கும் போய்க்கொண்டிருந்த மாத உதவியை மூன்று மாதத் தொகையாக ஒரே தவணையில் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு இது இன்னும் எளிது. உரிமைத் தொகைக் கணக்கும் நல வாரிய எண்ணும் ஒன்றாகப் பொருந்தும் பெண்ணுக்கு, தாலுகா அளவில் வெள்ளம் அறிவிக்கப்பட்ட அன்றே முதல் தவணை போகலாம். இழப்பின் அளவைப் பிறகு பார்த்து மீதியைச் சேர்க்கலாம்.

வெள்ளத்தோடு வெயிலையும் சேர்த்தே இதைப் பேச வேண்டும். வேலூர் வெயில் ஊரறிந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; பேரிடர் நிவாரண நிதியில் பத்து விழுக்காடுவரை இப்படி மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அந்த அறிவிப்பால் வெப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் கிடைக்கும். தகரக் கூரைக்குக் கீழே மே மாத மதியத்தில் தைக்க முடியாமல் பாதி வேலையை விட்டவருக்கு என்ன கிடைக்கும்? குஜராத்தில் பிறந்த பெண் தொழிலாளர் அமைப்பான சேவா இதற்கு ஒரு வழி பார்த்திருக்கிறது. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் யாரும் சேதம் பார்க்க வராமலே பணம் தரும் காப்பீட்டை அது தன் உறுப்பினர்களுக்கு ஏற்பாடு செய்தது. 2024 கோடையில் சுமார் 50,000 பெண்கள் அதில் இருந்தார்கள். தொகை சிறியது. ஆனால் உழைப்பு நின்றதே இழப்பு என்று அது ஒப்புக்கொள்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இழப்பீட்டு வரலாறு ஒன்று ஏற்கெனவே உண்டு. அதிலிருந்து கற்க வேண்டியது நிறைய. தோல் கழிவால் பாழான நிலத்துக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றக் காரணமான தீர்ப்புகளில் அது ஒன்று. அதன்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில், 15,164 ஹெக்டேரில் 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கண்டு சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம், இழப்பீடு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. நிலத்தின் சொந்தக்காரருக்கே கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்து, நிலம் பாழான பிறகு டேனரி வாசலில் போய் நின்ற கூலிக்காரர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. இன்றைய ஷூ கம்பெனித் தொழிலாளிகளில் அவர்களின் பேத்திகள் இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் மாராப்பட்டு அருகே பாலாற்றில் நுரை பொங்குவது இன்னும் நிற்கவில்லை. வீட்டுக்குள் புகும் வெள்ளம் வெறும் மழைநீராகவும் இருப்பதில்லை.

பதினைந்தாவது நிதிக்குழு, பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்புப் பணிக்கென்று தனியே ஒதுக்கச் சொன்னது. பாலாற்றுத் தரைப்பாலங்களை உயர்த்துவது, ஏலகிரிப் பாதையின் சரிவுகளைக் கம்பிவலை போட்டுப் பிடிப்பது, நெக்னாமலை போன்ற ஊர்களுக்குச் சாலை போடுவது எல்லாம் தணிப்புதான். ஆனால் நடைமுறையில் தணிப்பு என்றதும் ஆக்கிரமிப்பு அகற்றம்தான் முதலில் வருகிறது. குடியாத்தத்தில் கௌண்டன்ய ஆற்றங்கரை வீடுகள் 2021 வெள்ளத்துக்குப் பின் இடிக்கப்பட்டன. ஆற்றில் வீடு கூடாது என்பது சரி. வேலைக்குப் பேருந்து பிடிக்க முடியாத தூரத்தில் மாற்று வீடு கொடுத்தால் மறுபடி கூலிதான் போகும். இடமாற்றத்தைத் திட்டமிடுகிறவர்கள் வீட்டின் சதுர அடியைப் பார்க்கிற அளவுக்குக் கம்பெனிப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்கு டெல்லியோ கோட்டையோ மனது வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாவட்டத்திலேயே செய்துவிடலாம். வீட்டில் தைக்கும் பெண்ணின் வேலைக்கு இன்றைக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சான்று ஏஜெண்டின் நோட்டு. யாருக்கு எந்தத் தேதியில் எத்தனை ஜோடி போயிற்று, எத்தனை திரும்பியது என்று அதில் இருக்கிறது. வாழ்வாதாரப் பாதிப்புக்கு அந்த நோட்டின் பக்கத்தை ஆதாரமாக ஏற்கலாம் என்று திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை ஆட்சியர்கள் பருவமழைக்கு முன்பே ஒரு சுற்றறிக்கை விடலாம். நல வாரியப் பதிவு முகாமைத் தாலுகா அலுவலகத்தில் வைக்காமல் மூட்டை இறங்கும் தெருவிலேயே வைக்கலாம். பயனாளிகளுக்குச் சான்று தரும் அதிகாரம் மாநிலத்துக்கு என்று நெறிமுறையே சொல்லியிருப்பதால், இதற்கு யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை.